யுரேனியத்தை செறிவூட்டினாலே ஒப்பந்த மீறலா?

14 ஜூன் 2025, காலை

தம்பி ஒருத்தர் கேட்டது: "ஈரான் என்.பி.டி.ல கையெழுத்து போட்ட நாடு. குண்டு செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு எதுக்கு யுரேனியத்தை செறிவூட்டணும்? செறிவூட்டுறதே மீறல்தானே, இதுல பேச என்ன இருக்கு?"

பேச நிறைய இருக்கு தம்பி. செறிவூட்டுறது, அதாவது யுரேனியத்துல பிளவுபடற வகையோட பங்கைக் கூட்டறது, மட்டுமே மீறல் ஆகாது. என்.பி.டி.ங்கற அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் மொத்தமே 11 பிரிவுதான், அரை மணி நேரத்துல படிச்சு முடிச்சிடலாம், நான் நேத்து ராத்திரி மறுபடி உக்காந்து படிச்சேன். செறிவூட்டல்ங்கற வார்த்தை அதுல ஒரு இடத்துலயும் வரல. 2ம் பிரிவு, ஆயுதம் இல்லாத நாடுகள் ஆயுதம் வாங்கக் கூடாது, செய்யக் கூடாது, செய்ய உதவி தேடவும் கூடாதுன்னு சொல்லுது. 3ம் பிரிவு, உன்கிட்ட இருக்கற அணுப்பொருள் எல்லாத்தையும் ஐ.ஏ.இ.ஏ. (சர்வதேச அணுசக்தி முகமை) கணக்குல காட்டு, வந்து பாக்க விடுன்னு சொல்லுது. 4ம் பிரிவு, அமைதி வேலைக்கு அணுசக்தியை ஆராய, உற்பத்தி பண்ண, பயன்படுத்த எல்லாருக்கும் பறிக்க முடியாத உரிமை இருக்குன்னு சொல்லிட்டு, கூடவே "1, 2 பிரிவுகளுக்கு உட்பட்டு"ன்னு ஒரு கட்டு போடுது. அவ்ளோதான்.

ஆயுதம் இல்லாத நாடுகள்லயே எத்தனை பேர் செறிவூட்டுறாங்கன்னு பாருங்க. நெதர்லாந்து அல்மெலோவுல, ஜெர்மனி குரோனாவுல, ஜப்பான் ரொக்காஷோவுல, பிரேசில் ரெசென்டெவுல. இவங்களை யாரும் ஒப்பந்தம் மீறினவங்கன்னு சொல்றதில்ல. செறிவூட்டற சுழல் மிஷினான சென்ட்ரிஃபியூஜ் சுத்தினாலே மீறல்னா இவங்க எல்லாருமே மீறினவங்க ஆகணும்.

14 ஜூன், ராத்திரி

காலைல எழுதினதைப் பாத்துட்டு மூணு பேர், "அப்போ ஈரான் சுத்தம்னு சொல்றீங்களா"ன்னு கேட்டிருக்காங்க. நான் அப்படி சொல்லவே இல்ல. அவங்க மீறினது வேற இடத்துல. அதுக்கு என் தொழில்ல இருந்து ஒண்ணு சொல்லணும்.

நான் 20 வருஷத்துக்கு மேல ஸ்டாக் ஆடிட் பண்ணினவன். கெமிக்கல் கோடவுனுக்குப் போய் லெட்ஜரையும் பின் கார்டையும் (இருப்பு அட்டை) வெச்சுக்கிட்டு ஒவ்வொரு டிரம்மா எண்ணி, சீல் நம்பர் பாத்து, எடை போட்டு எழுதற வேலை. ஒரு கம்பெனில, பேர் வேண்டாம், லெட்ஜர் எல்லாம் கச்சிதமா இருந்துச்சு, எண்ணினது எல்லாம் ஒத்துப் போச்சு, கிளம்பற நேரத்துல பின்பக்க காரிடார்ல ஒரு சுவர் மட்டும் புது பெயின்ட் வாசனை அடிச்சுது. பிளான்ல பாத்தா அந்த இடத்துல ஒரு ரூம் இருக்கணும், கண்ணு முன்னாடி கதவே இல்ல. கேட்டா ஆளுக்கு ஒரு பதில். கடைசில திறந்தாங்க. உள்ள இருந்தது எல்லாமே லைசென்ஸ் இருந்தா யார் வேணா வெச்சுக்கற சாதாரண சால்வென்ட்தான், ஒரு டிரம்கூட தடை செஞ்ச பொருள் இல்ல. ஆனா லெட்ஜர்ல ஒரு வரி கிடையாது. அன்னிக்கு நான் எழுதின ரிப்போர்ட்ல "தடை செய்யப்பட்ட பொருள்"னு எழுதல, "கணக்கில் வராத இருப்பு"ன்னு எழுதினேன். அதுவே அந்த கம்பெனியை உலுக்கிடுச்சு. அதுக்கப்புறம் அவங்க காட்டின எந்தக் கணக்கையும் என்னால முழுசா நம்ப முடியல.

ஈரான் விஷயம் எனக்கு அப்படித்தான் தெரியுது. 2002 ஆகஸ்ட்ல ஈரானோட நதான்ஸ் செறிவூட்டல் ஆலை வெளில வந்தப்போ உலகமே அந்த ஆலையைப் பத்திப் பேசுச்சு, ஆனா ஆலை கட்டுறது அப்போ மீறலே இல்ல, ஏன்னா அவங்களுக்கு அப்போ இருந்த பழைய விதிப்படி அணுப்பொருளை உள்ள கொண்டு வர்றதுக்கு 180 நாள் முன்னாடி சொன்னா போதும். மீறல் எங்கேன்னா, 1991ல சீனாகிட்ட இருந்து 1.8 டன் அளவுக்கு யுரேனியப் பொருட்கள் வாங்கிட்டு கணக்குல காட்டல. கலாயே எலெக்ட்ரிக்னு ஒரு இடத்துல 1999லயும் 2002லயும் யுரேனிய வாயுவை விட்டு சென்ட்ரிஃபியூஜை ஓட்டிப் பாத்துட்டு அதையும் சொல்லல. 2003ல ஆய்வாளர்கள் அங்க துடைச்சு மாதிரி எடுக்கணும்னு கேட்டப்போ முதல்ல விடல, ஆகஸ்ட்ல விட்டாங்க, அதுக்குள்ள கட்டடத்தையே மாத்தி அமைச்சிருந்தாங்க. அப்பவும் செறிவூட்டின யுரேனியத் துகள் கிடைச்சுது. இதைப் படிச்சப்போ எனக்கு அந்த பெயின்ட் வாசனைதான் ஞாபகம் வந்துச்சு.

15 ஜூன்

"மீறல் இல்லன்னா ஏன் எல்லாரும் இவ்ளோ பயப்படறாங்க, 5 சதவீதம் 60 சதவீதம்னு ஏதோ சொல்றாங்களே"ன்னு கேட்ட அக்காவுக்கு.

மண்ணுல இருந்து எடுக்கற யுரேனியத்துல 1000 அணு எண்ணினா அதுல 7தான் யு-235, மிச்சம் 993 யு-238. பிளவுபட்டு வேலை செய்யறது அந்த 7. செறிவூட்டல்னா அந்த 7ஐ வெச்சுக்கிட்டு மத்ததை கொஞ்சம் கொஞ்சமா வெளில தள்றது. யுரேனியத்தை ஹெக்ஸாஃப்ளோரைடுங்கற வாயுவா மாத்தி சென்ட்ரிஃபியூஜ்ல பயங்கர வேகத்துல சுத்தினா கனமான 238 ஓரத்துக்குப் போகும், லேசான 235 நடுப்பக்கம் கொஞ்சம் கூடுதலா சேரும். ஒரு மிஷின்ல ரொம்ப சின்ன வித்தியாசம்தான் வரும், அதனால ஆயிரக்கணக்குல வரிசையா கோத்து ஓட்டுறாங்க.

கணக்கு சுலபமா இருக்க ஒரு 235கூட வீணாகலன்னு வெச்சுக்கங்க. மின்சார உலைக்கு வேண்டிய 3.5 சதவீதம் வரணும்னா 1000ஐ 200 ஆக்கணும், அதாவது 800ஐத் தள்ளணும். 20 சதவீதத்துக்கு அந்த 200ஐ 35 ஆக்கினா போதும். 60க்கு 35ஐ 12 ஆக்கணும். ஆயுதத் தரம்னு சொல்ற 90க்கு 12ஐ 8 ஆக்கணும், வெறும் நாலு அணு தள்ளினா முடிஞ்சுது. பெரிய வேலை எல்லாம் ஆரம்பத்துலயே முடிஞ்சிடுது. மின்சாரத்துக்குன்னு நேர்மையா ஓட்டுற ஆலையும் குண்டுக்கு ஓட்டுற ஆலையும் ஒரே மிஷின், ஒரே வாயு, ஒரே ஆளுங்க. குழாயை எப்படிக் கோக்கறோம், எவ்ளோ நாள் ஓட்டுறோம்ங்கறதுலதான் வித்தியாசம்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா ஒப்பந்தத்தோட ஓட்டையும் புரியும். ஆயுதம் செய்யக் கூடாதுன்னு 2ம் பிரிவு சொல்லுது, ஆனா "செய்யறது" எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு எங்கேயும் எழுதல. 1000லயா, 200லயா, 12லயா? 60 சதவீதத்துல வணிக மின்நிலையம் எதுவும் ஓடறதில்ல, 60ஐ யாரும் எதுக்கும் பயன்படுத்தறதும் இல்ல. ஐ.ஏ.இ.ஏ.வோட மே மாச அறிக்கைப்படி ஈரான்கிட்ட 60 சதவீத யுரேனியம் 408.6 கிலோ. அவங்க அளவுகோல்படி அதுல ஏறக்குறைய 42 கிலோவை இன்னும் செறிவூட்டினா ஒரு குண்டுக்கான அளவு. வகுத்துப் பாத்துக்கங்க. ஈரான் அமெரிக்கா உள்ளிட்ட ஆறு நாடுகளோட போட்ட 2015 அணு உடன்பாட்டுல மொத்த இருப்புக்கே 300 கிலோதான் வரம்பு, அதுவும் 3.67 சதவீதத்துக்கு மேல போகாம. இப்போ எல்லாத் தரமும் சேத்து 9247.6 கிலோ, வரம்பை விட 30 மடங்கு. ஆனா ஒப்பந்த வாசகத்தை மட்டும் வெச்சுப் பாத்தா, கணக்குல காட்டி, கேமரா முன்னாடி பண்ணின வரைக்கும் 60ம் 3.5ம் ஒண்ணு. எனக்கு இதை எழுதவே கஷ்டமா இருக்கு, ஆனா அதான் வாசகம்.

16 ஜூன், காலை

நேத்து எழுதினதுல ஒரு தப்பு. 60ஐ யாரும் எதுக்கும் பயன்படுத்தறதில்லன்னு பொத்தாம்பொதுவா எழுதிட்டேன். சரியில்ல. சில ஆராய்ச்சி உலைகள் உயர்செறிவு யுரேனியத்துல ஓடியிருக்கு, இன்னும் சிலது ஓடுது. அமெரிக்க அணு நீர்மூழ்கிகள் 90க்கு மேல உள்ளதைப் பயன்படுத்துது. அதுமட்டும் இல்ல, ஆயுதம் இல்லாத நாடுகள் ஐ.ஏ.இ.ஏ.வோட போடற கண்காணிப்பு ஒப்பந்தத்துலயே, வெடிகுண்டு அல்லாத ராணுவ வேலைக்கு, அதாவது கப்பல் உலைக்கு, அணுப்பொருளைக் கொஞ்ச காலம் கண்காணிப்புல இருந்து எடுத்துக்கலாம்னு 14ம் பத்தி இருக்கு. பிரேசில் நீர்மூழ்கித் திட்டத்துலயும் அமெரிக்கா, பிரிட்டனோட சேந்து ஆஸ்திரேலியா போடற ஆக்கஸ் நீர்மூழ்கித் திட்டத்துலயும் இதான் பெரிய பேச்சு. நான் சொல்ல வந்தது, ஆயுதம் இல்லாத நாடுகள்ல 60 சதவீதம் வரைக்கும் உற்பத்தி பண்றது ஈரான் மட்டும்தான். அதை மட்டும் எழுதியிருக்கணும்.

16 ஜூன், மதியம்

இன்னொண்ணு, இது பெரிய விடுதல். 14ம் தேதி எழுதினப்போ நான் என்.பி.டி.யை மட்டும் வெச்சுப் பேசிட்டேன். ஒரு நண்பர் சுட்டிக் காட்டினார், அவருக்கு நன்றி.

ஐ.ஏ.இ.ஏ. ஆளுநர் குழு 2005 செப்டம்பர்ல ஈரான் கண்காணிப்பு ஒப்பந்தத்தை மீறிச்சுன்னு தீர்மானம் போட்டுச்சு, 2006 பிப்ரவரில விஷயத்தை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு அனுப்புச்சு. கவுன்சில் 2006 ஜூலைல 1696, டிசம்பர்ல 1737ன்னு தீர்மானம் போட்டு செறிவூட்டலை நிறுத்துன்னு கட்டளையே போட்டுது. அப்புறம் 1747, 1803, 2010ல 1929. கவுன்சில் கட்டளையை ஏத்துக்கறேன்னு ஐ.நா. சாசனத்துல ஒவ்வொரு நாடும் கையெழுத்து போட்டிருக்கு. அப்போ 2006க்கு அப்புறம் நதான்ஸ்ல சுத்தின ஒவ்வொரு சென்ட்ரிஃபியூஜும் சர்வதேசச் சட்ட மீறல்தான். என்.பி.டி.யால இல்ல, கவுன்சில் கட்டளையால.

2015 ஜூலைல உடன்பாடு வந்தப்போ 2231ங்கற தீர்மானம் அந்தப் பழைய தீர்மானங்களை எல்லாம் முடிச்சு வெச்சுது, 2016 ஜனவரில அது நடைமுறைக்கு வந்துச்சு. அப்போ அதே ஹால்ல அதே ஐஆர்-1ங்கற பழைய ரக சென்ட்ரிஃபியூஜ் மிஷின், 5060 வரைக்கும் ஓட்டலாம், 3.67 தாண்டாத வரைக்கும் சரி. 2018 மே 8ந்தேதி அமெரிக்கா வெளில போச்சு, 2019ல இருந்து ஈரான் ஒவ்வொரு வரம்பா தாண்டுச்சு, 2021 ஜனவரில 20, ஏப்ரல்ல 60. இப்போ இது மீறலா? அந்த உடன்பாட்டு வரம்பை மீறினது உண்மை. ஆனா அது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்ல, அரசியல் உடன்பாடு, எதிர்த்தரப்பு வார்த்தை தவறினா நாங்களும் கடைப்பிடிக்கறதை நிறுத்தலாம்னு 36ம் பத்தியைக் காட்டி ஈரான் வாதாடுது. அந்த வாதத்துல எனக்குப் பாதி சம்மதம். வார்த்தை தவறினது முதல்ல அமெரிக்கா. ஆனா அதுக்கு பதிலா ஈரான் 2019ல முதல்ல போன 4.5 சதவீதத்துலயே நின்னிருக்கலாம், 60 வரைக்கும் போனதுக்கு அந்தப் பத்தி போதாதுன்னு தோணுது.

17 ஜூன்

"ஜப்பானுக்கு ஒரு நியாயம் ஈரானுக்கு ஒரு நியாயமா"ங்கற கேள்வி திரும்பத் திரும்ப வருது. ஜப்பானை விடுங்க, அவங்க கணக்கு முழுக்கத் திறந்து கிடக்கு. தென்கொரியாவைப் பாருங்க.

2000ல அந்த நாட்டு ஆராய்ச்சி நிலையத்துல லேசர் வெச்சு யுரேனியத்தை செறிவூட்டினாங்க. 200 மில்லிகிராம்தான், சராசரி 10 சதவீதம், ஆனா ஒரு கட்டத்துல 77 வரைக்கும் போச்சு. அறிவிக்கவே இல்ல. 2004ல கூடுதல் நெறிமுறை, அதாவது ஐ.ஏ.இ.ஏ.வுக்குக் கூடுதல் விவரம் சொல்லி கூடுதல் இடங்களைப் பாக்க விடற ஒப்பந்தம், அங்க நடைமுறைக்கு வந்த பிறகுதான், தானா சொல்ல வேண்டி வந்து வெளில வந்துச்சு. ஐ.ஏ.இ.ஏ. கவலைக்குரியதுன்னு சொல்லுச்சு, மீறல்னு தீர்மானம் போடல, கவுன்சிலுக்கு அனுப்பல. அளவு ரொம்ப கம்மி, ஒத்துழைச்சாங்க, பழைய விஷயம்னு காரணம் சொன்னாங்க.

ஆடிட்டரா பாத்தா எனக்கு இது உறுத்துது. கணக்குல வராத இருப்புன்னா 200 மில்லிகிராமும் கணக்குல வராத இருப்புதான். அளவைப் பொறுத்து தண்டனை மாறலாம், ரிப்போர்ட்ல எழுதற வார்த்தை மாறக் கூடாது. நான் ஒரு தடவை வேண்டியவர் ஸ்டோர்ல ரெண்டு டிரம் கூடுதலா இருந்ததை "எண்ணிக்கைப் பிழை"ன்னு எழுதி விட்டுட்டேன், அடுத்த வருஷம் வேற ஒருத்தர் ஸ்டோர்ல அதே ரெண்டு டிரம்முக்குக் கடுமையா எழுதினேன், அந்த மனுஷன் என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல. ஈரான் அதிகாரிங்க தென்கொரியாவை மேற்கோள் காட்டும்போது அந்தப் பார்வை எனக்குப் புரியுது. அதுக்காக ஈரான் மறைச்சது இல்லாம ஆகாது. 18 வருஷம் மறைச்சதும் ஒரு தடவை சோதனை பண்ணி மறைச்சதும் ஒரே எடை இல்ல. ஆனா ரெண்டுக்கும் ஒரே தராசு வேணும்.

கொரியான்னு சொன்னதும் ஒண்ணு. செறிவூட்டலே கூடாதுன்னு நேரடியா எழுதின உடன்பாடு உலகத்துல இருக்கான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இருக்கு. 1992ல வட, தென் கொரியா ரெண்டும் போட்ட கூட்டறிக்கைல, செறிவூட்டல் ஆலையும், எரிஞ்ச எரிபொருள்ல இருந்து புளூட்டோனியம் பிரிக்கற மறுசுத்திகரிப்பு ஆலையும் வெச்சுக்க மாட்டோம்னு எழுதியிருக்கு. 2010 நவம்பர்ல வடகொரியாவோட அணு மையமான யோங்பியோன் போன அமெரிக்க விஞ்ஞானி சீக்ஃப்ரீட் ஹெக்கர்கிட்ட வடகொரியாக்காரங்களே ஒரு பெரிய சென்ட்ரிஃபியூஜ் ஹாலைக் காட்டினாங்க. அங்க செறிவூட்டினதே மீறல், சந்தேகத்துக்கு இடமே இல்ல. அதே மாதிரி ஐக்கிய அரபு அமீரகம் 2009ல அமெரிக்காவோட போட்ட ஒப்பந்தத்துல செறிவூட்டவே மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கு. அவங்க நாளைக்கு ஒரே ஒரு மிஷின் ஓட்டினாலும் வாக்கு மீறல். பொதுவா தடை இருந்திருந்தா இப்படித் தனித்தனியா எழுதி வாங்க வேண்டிய அவசியமே வந்திருக்காது, அதையும் யோசிச்சுப் பாருங்க.

18 ஜூன்

இந்தியாவைப் பத்திக் கேட்டவருக்கு சுருக்கமா. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் மூணும் என்.பி.டி.ல கையெழுத்தே போடல. போடாத ஒப்பந்தத்தை மீற முடியாது. மைசூரு பக்கம் ரட்டஹள்ளில நம்ம ஆலை இருக்கு, பாகிஸ்தானுக்கு கஹுட்டா. 1967 ஜனவரி 1க்கு முன்னாடி வெடிச்சவங்க மட்டும் ஆயுத நாடுன்னு கோடு போட்ட ஒப்பந்தம் பாரபட்சமானதுன்னு இந்தியா சொல்றதுல எனக்கு முழு உடன்பாடு உண்டு. அந்த அஞ்சு நாடும் ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோட பேசணும்னு 6ம் பிரிவு சொல்லுது, 1996ல சர்வதேச நீதிமன்றம், பேசி அதை முடிவுக்குக் கொண்டு வர்ற கடமையும் இருக்குன்னு ஒரு மனதா கருத்து சொல்லுச்சு. எத்தனை வருஷம் ஆச்சு பாருங்க.

23 ஜூன்

ரெண்டு நாளா எழுத மனசே வரல. நேத்து அமெரிக்கா ஈரானோட ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் மூணு அணு நிலையங்கள் மேலயும் குண்டு போட்டுது. 13ம் தேதில இருந்து இஸ்ரேல் அடிச்சுக்கிட்டு இருக்கு.

பல பேர், "12ம் தேதிதான் ஐ.ஏ.இ.ஏ. மீறல்னு தீர்மானம் போட்டுச்சே, அப்போ அடிச்சது சரிதானே"ன்னு எழுதறாங்க. அந்தத் தீர்மானத்தைப் படிச்சீங்களா? 19 பேர் ஆதரவு, ரஷ்யா, சீனா, புர்கினா ஃபாசோ மூணு பேர் எதிர்ப்பு, 11 பேர் ஒதுங்கிக்கிட்டாங்க. அதுல மீறல்னு சொன்னது 60 சதவீதத்தை இல்ல. அறிவிக்காத இடங்கள்ல, வராமின், துர்குசாபாத் மாதிரி இடங்கள்ல யுரேனியத் துகள் எப்படி வந்துச்சுன்னு 2019ல இருந்து கேட்டும் ஒழுங்கா பதில் சொல்லலங்கறதுதான் குற்றச்சாட்டு. 60 பத்திக் கவலை தெரிவிச்சிருக்காங்க, அவ்ளோதான். திரும்பவும் கணக்குல வராத இருப்புதான். நான் 14ம் தேதி எழுதினதை இந்த ஒரு விஷயத்துல மாத்த வேண்டியதே இல்ல.

மீறல்னு தீர்மானம் போட்டா அடுத்த படி கவுன்சில்தான். விமானம் அனுப்பற அதிகாரத்தை எந்தப் பிரிவும் யாருக்கும் கொடுக்கல. 1981ல இஸ்ரேல் இராக்கோட ஒசிராக் உலையை அடிச்சப்போ கவுன்சில் 487ம் தீர்மானத்துல கண்டிச்சுது, அமெரிக்காவும் சேந்து ஓட்டு போட்டுது. அமைதி வேலைக்கான அணு நிலையத்தைத் தாக்குறது ஐ.நா. சாசன மீறல்னு ஐ.ஏ.இ.ஏ. பொது மாநாடே சொல்லியிருக்கு. ஒசிராக்குக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னும் பாக்கணும். இராக் ரகசியமா செறிவூட்டலுக்குப் போச்சு, 1991 போருக்கு அப்புறம் ஆய்வாளர்கள் போய் பாத்தா பழைய காலத்து மின்காந்தப் பிரிப்பு மிஷின்களை வெச்சு வேலை நடந்திருக்கு, வெளில யாருக்கும் தெரியல. கண்ணு முன்னாடி இருந்த உலை போய், கண்ணுக்குத் தெரியாத ஆலை வந்துச்சு.

எனக்கு இப்போ பயம் அதேதான். 13ம் தேதி தாக்குதல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் அந்த 60 சதவீத யுரேனியம் எங்க இருக்கு, எத்தனை சிலிண்டர்னு ஆய்வாளர்கிட்ட கணக்கு இருந்துச்சு.

3 ஜூலை

ஐ.ஏ.இ.ஏ.வோட ஒத்துழைக்கறதை நிறுத்தற சட்டம் ஈரான்ல நேத்து அமலுக்கு வந்துச்சு. அடி வாங்கின கோபம் புரியுது. ஆனா இது தெளிவான மீறல். கண்காணிப்பு ஒப்பந்தத்தை நிறுத்தி வைக்கலாம்னு அதுல எந்தப் பத்தியும் கிடையாது. 2007லயும் இதே மாதிரி, புது ஆலை கட்ட முடிவு பண்ணினதுமே சொல்லணும்ங்கற திருத்தின 3.1 விதியை ஒருதலையா நிறுத்தினாங்க, அப்புறம் 2009ல மலைக்குள்ள ஃபோர்டோ வெளில வந்துச்சு. அப்பவும் ஐ.ஏ.இ.ஏ. அதை ஏத்துக்கல.

9 ஜூலை

"ஈரான் என்.பி.டி.யை விட்டே போயிட்டா?" ரெண்டு மூணு பேர் கேட்டது.

போகலாம். 10ம் பிரிவு, நாட்டோட உயர்ந்த நலனுக்கு ஆபத்துன்னு காரணம் எழுதி 3 மாசம் முன்னாடி சொல்லிட்டுப் போகலாம்னு சொல்லுது. வடகொரியா 2003ல அப்படித்தான் அறிவிச்சுது. கண்காணிப்பு ஒப்பந்தமும் என்.பி.டி.ல இருக்கற வரைக்கும்தான், அதுவும் கூடவே போயிடும். அப்புறம் 90க்குப் போனாலும் என்.பி.டி. மீறல்னு சொல்ல முடியாது. உள்ள இருக்கும்போது பண்ணின மீறலுக்குப் பொறுப்பு மட்டும் போகாது.

முதல் நாள் நான் "கட்டு"ன்னு எழுதின 4ம் பிரிவுல எனக்கு இப்போ வேற யோசனை. அமைதிக்குன்னு உரிமையை வாங்கி, எல்லாத்தையும் கத்துக்கிட்டு, இருப்பைச் சேத்துக்கிட்டு, 3 மாச நோட்டீஸ்ல வெளில போக முடியும்னா அந்த உரிமையை நான் சொன்ன மாதிரி சுலபமா எடுத்துக்க முடியாது. செறிவூட்ட உரிமை உண்டு, ஆனா தேவைக்கு ஏத்த அளவுலன்னு ஒரு வரி எழுதியிருந்தா பாதிப் பிரச்சனை தீந்திருக்கும். எரிபொருள் கிடைக்காதுன்னு பயப்படற நாடுகளுக்காக கஜகஸ்தான்ல ஐ.ஏ.இ.ஏ. 90 டன் குறைசெறிவு யுரேனியத்தை ஒரு வங்கி மாதிரி வெச்சிருக்கு, 2019ல இருந்து. நல்ல ஏற்பாடு. ஆனா சொந்தமா செய்யற திறமையை விட்டுக் கொடுக்கச் சொன்னா எந்த நாடும் யோசிக்கும், நானே யோசிப்பேன்.

தென்னாப்பிரிக்கா இதுக்கு நேர்மாறா ஒரு காரியம் பண்ணுச்சு. ஒப்பந்தத்துக்கு வெளில இருந்து செறிவூட்டி ஆறு குண்டு செஞ்சு, அதைத் தானே பிரிச்சுப் போட்டுட்டு, 1991ல உள்ள வந்துச்சு. ஆய்வாளர்களுக்குப் பழைய உற்பத்திப் பதிவேடுகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தாங்க. வருஷக்கணக்கான தினசரி லாக் புக்கை உக்காந்து கூட்டிப் பாத்து இருப்போட ஒத்துப் பாத்திருக்காங்க. அந்த வேலையைச் செஞ்சவங்க மேல எனக்கு எவ்ளோ மரியாதைன்னு சொல்லத் தெரியல.

29 ஆகஸ்ட்

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூணும் நேத்து ஸ்னாப்பேக் நோட்டீஸ் கொடுத்திருக்கு. 2231க்கு உள்ளேயே வெச்ச ஏற்பாடு இது. 30 நாளுக்குள்ள கவுன்சில் வேற முடிவு எடுக்கலன்னா நான் ஜூன் 16ல எழுதின பழைய தீர்மானங்கள் எல்லாம் உயிரோட திரும்பி வந்துடும்.

28 செப்டம்பர்

வந்துடுச்சு. 1696ல இருந்து 1929 வரைக்கும் மறுபடி அமல். ரஷ்யாவும் சீனாவும் ஈரானும் இது செல்லாதுன்னு சொல்றாங்க, அமெரிக்கா வெளில போனதுக்கு அப்புறம் ஐரோப்பாவும் சொன்னதைச் செய்யலங்கறது அவங்க வாதம். நான் கவுன்சில் நடைமுறையை வெச்சுப் பாக்கறேன், நோட்டீஸ் கொடுத்த மூணு நாடும் இன்னும் உடன்பாட்டுல இருக்கறவங்க, 30 நாளும் முடிஞ்சுது, அதனால தீர்மானம் அமல்னுதான் எடுத்துக்கறேன். அப்போ கேள்வி கேட்ட தம்பிக்கு இன்னிக்குத் தேதில என் பதில்: ஈரான் இன்னிக்கு செறிவூட்டினா மீறல், 3.5 சதவீதமா இருந்தாலும் மீறல். நேத்து வரைக்கும், கணக்குல காட்டியிருந்தா, மீறல் இல்ல. பிரேசில் ரெசென்டெவுல இன்னிக்கு ஓட்டுறதும் மீறல் இல்ல.

ஜூன் 13 நிலவரப்படி 60 சதவீத இருப்பு 440.9 கிலோன்னு ஐ.ஏ.இ.ஏ. மதிப்பிட்டிருக்கு. மதிப்பீடுதான், எண்ணிப் பாத்தது இல்ல. தாக்குதலுக்கு அப்புறம் அந்த சிலிண்டர்களை இதுவரைக்கும் எந்த ஆய்வாளரும் போய் பாக்கல.

2 அக்டோபர்

ஜூன் 15 குறிப்புல ஒரு எண்ணைத் திருத்தணும், இவ்ளோ நாள் கவனிக்காம விட்டுட்டேன். 2015 வரம்பு 300 கிலோன்னு எழுதினது ஹெக்ஸாஃப்ளோரைடா எடுத்த எடை, ஃப்ளோரினும் சேந்தது. யுரேனியம் மட்டும்னா 202.8 கிலோ. 9247.6 யுரேனியம் மட்டும் உள்ள எடை. ரெண்டு வேற அளவை வெச்சு வகுத்து 30 மடங்குன்னு எழுதிட்டேன். சரியான கணக்கு 45 மடங்கு.